பரவாயில்லை என்று ஒரு நிறம் கிடையாது

எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஆட்டோக்காரர், அபார்ட்மென்ட் செகரெட்டரி, ஆபீஸில் என் மேனேஜர் என்று ஒருத்தரும் என் வாயிலிருந்து தப்பியதில்லை. என் புருஷன் பாலகுமார் இதற்கு நேரெதிர். தர்மபுரிக்காரன். எதைக் கேட்டாலும் "பரவாயில்ல" என்பான். காபிக்குச் சர்க்கரை போட மறந்துவிட்டால் பரவாயில்லை. புது ஷூ கடித்துக் குதிகால் தோல் உரிந்து கிடந்தாலும் பரவாயில்லை. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இந்த மனுஷனுக்கு என்னதான் பிடிக்கும் என்பதை நான் துப்பறிந்துதான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்டவன் போன ஜூனில் ஒருநாள் போனை என் முன்னால் நீட்டினான். காது இரண்டும் சிவந்திருந்தன. ஷிபாரி, அதாவது ஜப்பானிய முறையில் ஒருவரைக் கயிற்றால் கட்டும் கலை. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஆறு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, காலை பத்து மணிக்கு. வயது வந்தவர்களுக்கு மட்டும். ஜோடியாக வரவேண்டும்.

"எனக்கு ரொம்ப நாளா ஆசை, தர்ஷு. நீ கட்டணும், நான் சும்மா உக்காந்திருக்கணும்," என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கம் வந்தது, அதற்கெல்லாம் மேலே ஒரு சந்தோஷம் வந்தது. முதல் முறையாக வாயைத் திறந்து தனக்கென்று ஒன்று கேட்டிருக்கிறான். இதைக் கெடுக்க ஒருத்தரையும் விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

முதல் ஞாயிறு கயிற்றையே கண்ணில் காட்டவில்லை. ஒரு பழைய பங்களாவின் மாடி, தரை முழுக்கப் பாய். நடத்துகிற நிருபமா எங்களைவிட நாலு வயது சின்னவர், வாரநாட்களில் பிசியோதெரபிஸ்ட். ஒரு படிவம் கொடுத்தார். சுகர் இருக்கிறதா, தோள்பட்டை எப்போதாவது நழுவியிருக்கிறதா, உடம்பில் எங்கே தொடக் கூடாது என்று இரண்டு பக்கம். பிறகு தன் மேல்கையின் வெளிப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க நரம்பு தோலுக்குப் பக்கத்துலயே ஓடுது. ஜாஸ்தி அழுத்துனா கை மாசக்கணக்குல தொங்கிடும். கழுத்துல கயிறு கிடையவே கிடையாது. கட்டினவங்களை விட்டுட்டு எழுந்து போகக் கூடாது. கத்தரிக்கோல் எப்பவும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும்."

கடைசியாக நிறங்களைச் சொல்லிக் கொடுத்தார். கட்டுகிறவர் அடிக்கடி "நிறம்?" என்று கேட்க வேண்டும். பச்சை என்றால் நன்றாக இருக்கிறது. மஞ்சள் என்றால் ஏதோ ஒன்றைச் சரிசெய்ய வேண்டும். சிவப்பு என்றால் உடனே அவிழ்க்க வேண்டும், அப்புறம்தான் பேச்சு.

இரண்டாவது வாரம் சணல் கயிறு கைக்கு வந்தது. வீட்டுக்கு எடுத்துப்போய் லேசாக எண்ணெய் தடவி வையுங்கள் என்றார். நான் நம் வீட்டு வழக்கப்படி நல்லெண்ணெயைத் தாராளமாகத் தேய்த்துவிட்டேன். அடுத்த வாரம் வகுப்பு முழுக்க தீபாவளிக் காலை வாசம். "யார் வீட்டுல எண்ணெய்க் குளியல்?" என்று கேட்டுச் சிரித்தார் யூஜின். அவரும் கிளெமென்ட்டும் பிரேசர் டவுன்காரர்கள், பத்து வருஷ ஜோடி, எங்களுக்குப் பக்கத்துப் பாய்.

அந்த மூன்றாவது வகுப்பில்தான் வம்பு வந்தது. பாலாவின் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டினேன். முடிச்சு அவ்வளவு அழகாக விழுந்துகொண்டிருந்தது.

"நிறம்?"

"பரவாயில்ல."

நான் பாட்டுக்கு அடுத்த சுற்றைப் போட்டேன். அந்த வழியாக வந்த நிருபமா நின்றார். பாலாவின் உள்ளங்கையில் தன் விரலை வைத்து, "அழுத்துங்க பாக்கலாம்," என்றார். அவனால் முடியவில்லை. நிருபமா நொடியில் கயிற்றை அவிழ்த்தார்.

"எவ்ளோ நேரமா மரத்துருக்கு?"

"ஒரு அஞ்சு நிமிஷம், மேடம். பரவாயில்ல."

"பரவாயில்லன்னு ஒரு நிறம் கிடையாது, சார். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடின்னு கன்னடத்துல கொஞ்சம் பொறுத்துக்கறதெல்லாம் பஸ்ல வெச்சுக்கோங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "அவர் நிறம் சொல்லலை. நீங்க எப்படி அடுத்த சுத்து போட்டீங்க?"

கயிற்றுக்குள் இரண்டு விரல் போகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார், அதையும் மறந்திருந்தேன்.

"ரெண்டு வாரம் வந்து பாருங்க, கட்ட வேணாம். ஆறாவது வகுப்புல ஒரே ஒரு சான்ஸ். அவர் உள்ளதைச் சொல்றார்னு எனக்கு நம்பிக்கை வரலைன்னா, இதோட சரி," என்றார் நிருபமா.

கீழே இறங்கியதும் பிடித்துக்கொண்டேன். கை சரியாகிவிட்டதா என்று பத்துத் தரம் கேட்டேன், பத்துத் தரமும் நடுவில் திட்டினேன். ஜோகுபாளையம் வந்து, வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதுதான் அவன் பேசினான்.

"நீ அவ்ளோ சந்தோஷமா கட்டிட்டிருந்த. நிறுத்தச் சொன்னா உன் முகம் மாறிடுமேன்னு இருந்துச்சு."

"கை மரத்துப்போயி என் முகத்தையா பாத்துட்டு இருந்த? லூசு!" என்று கத்தினேன். கத்திவிட்டு அழுதேன். அவன் ஆசையாகக் கேட்ட ஒரே ஒரு விஷயம், அதுவும் இந்தப் பாழாய்ப்போன பரவாயில்லையால் கையைவிட்டுப் போகப்போகிறது.

மறுநாளே வீட்டில் சட்டம் போட்டேன். கயிறு வேண்டாம், நிறம் மட்டும் போதும். எதைக் கேட்டாலும் நிறத்தில்தான் பதில். திங்கட்கிழமை காபி பச்சை. செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரவா கிச்சடி செய்திருந்தேன். தட்டையே ரொம்ப நேரம் பார்த்தான்.

"மஞ்சள்."

"எப்போலேர்ந்து?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து."

கரண்டியை ஓங்கிவிட்டேன். அப்புறம் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மடை திறந்தாயிற்று. என் அக்கா ஸ்பீக்கரில் இரண்டு மணி நேரம் பேசுவது மஞ்சள். அவன் தூங்கும்போது நான் ஃபேனை ஐந்தில் வைப்பது சிவப்பு. ஞாயிறு மதியம் என் மடியில் தலை வைத்துப் படுப்பது பச்சை, அதையும் அவன் இதற்கு முன்னால் சொன்னதில்லை.

ஆறாவது வகுப்பு. நிருபமா எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். முதல் சுற்று, இரண்டாவது சுற்று, இரண்டு விரல் விட்டுப் பார்த்தேன். நான் கேட்பதற்கு முன்பே பாலா சொன்னான்.

"மஞ்சள். இடது கை, சுண்டுவிரல் பக்கம் சுருக்குனு இருக்கு."

அவிழ்த்து, ஒரு விரல்கடை மேலே தள்ளிப் போட்டேன். அழுத்தச் சொன்னேன், அழுத்தினான். "பச்சை," என்று கண்ணை மூடிக்கொண்டான். ஞாயிறு மதியம் என் மடியில் இருக்கும் அதே முகம். யூஜின் விசிலடித்தார். நிருபமா அடுத்த வகுப்புப் படிவத்தை எடுத்து எங்கள் பாயில் வைத்தார். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

"டைம் இருக்கு. இப்ப மாத்துங்க. சார் கட்டட்டும்," என்றார்.

பாலா அதுவரை கட்டியதே இல்லை. நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, என் மணிக்கட்டைச் சுற்றிக் கயிற்றை அப்படி ஒரு கவனமாக ஓட்டினான். முகமெல்லாம் சந்தோஷம். மூன்றாவது சுற்றில் கயிறு எலும்பின்மேல் ஏறி உட்கார்ந்தது. நன்றாகவே வலித்தது.

"நிறம்?" என்றான்.

"பரவாயில்ல," என்றேன்.

கிளெமென்ட் கொல்லென்று சிரித்தார், யூஜின் பாயைத் தட்டித் தட்டிச் சிரித்தார், நிருபமா படிவத்தால் முகத்தை மூடிக்கொண்டார். நான் மட்டும் பாலாவையே பார்த்தேன். செகரெட்டரியை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கிறவள் நான். இவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை. ஆறு வருஷமாக இவனும் இப்படித்தான் இருந்திருக்கிறான்.

பாலா சிரிக்கவில்லை. கயிற்றிலிருந்து கையை எடுத்தான்.

"தர்ஷு. நிறம்?"

"மஞ்சள். எலும்பு மேல இருக்கு. வலிக்குது."

கயிற்றைத் தளர்த்தி, எலும்பைவிட்டுக் கீழே இறக்கினான். இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தான். பிறகு என் முன்னால் குனிந்து, முகத்தை எனக்கு நேராகக் காட்டினான்.

"பாரு. மாறிச்சா?"

மாறவில்லை. அதே சந்தோஷம் அப்படியே இருந்தது.

"பச்சை," என்றேன். "இன்னொரு சுத்து போடு."