சுடாத புட்டி

மூக்கண்டப்பள்ளிப் பக்கத்து மின்சாமான் தொழிற்சாலையில், வேலைக்கு வரும் பெண்களின் கைக்குழந்தைகளுக்கென்று ஒரு அறை இருந்தது. அதற்கு ஆயா நாராயணம்மா. தொண்ணூற்றாறாம் வருஷம், பிள்ளைகள் இருக்குமிடத்தில் நெருப்பு ஆகாது என்று மேலிடம் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு போய், பதிலுக்கு ஒரு மைக்ரோவேவ் அடுப்பை வைத்தது. பெரிய மனுஷர்கள் அப்படித்தான். கேட்காததைக் கொடுப்பார்கள், அதை எப்படிக் கையாள்வது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

பெண்கள் கொதித்துப்போனார்கள். பெட்டிக்குள் ஏதோ கதிர் பாய்கிறதாம், அது பாலிலேயே தங்கிவிடுமாம், குடிக்கிற பிள்ளைக்கு ரத்தம் கெட்டுப்போகுமாம். எல்லாரையும்விட அதிகம் பயந்தவள் ஜெயமணி. கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை அவளுடையது.

"அக்கா, எம்புள்ளைக்கு மட்டும் அதுல வெக்காதீங்க. ஆறின பாலா இருந்தாலும் பரவால்ல."

இன்ஜினியர் வந்தார். தன் சாப்பாட்டை அதில் சுடவைத்து, எல்லார் எதிரிலும் சாப்பிட்டுக் காட்டினார். "கதிர் எதுவும் சாப்பாட்டுல தங்காதும்மா. சூடாகும், அவ்ளோதான்." அவர் சொன்னதில் பொய் இல்லை. ஜெயமணி அரைமனதாகத் தலையாட்டினாள்.

மறுநாள் ஜெயமணியின் பிள்ளை பசியில் வீறிட்டது. நாராயணம்மா பால்புட்டியைப் பெட்டிக்குள் வைத்து எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கதிர் எந்த நிறத்தில் இருக்கும் என்று யார் கண்டது? பால் பாலாகத்தான் இருந்தது. கடைசியாகப் புட்டியைக் கன்னத்தில் ஒற்றினாள். தன் பிள்ளைகளுக்கெல்லாம் எவர்சில்வர் தம்ளரில் பால் புகட்டியவள் அவள். தம்ளர் கன்னத்தைச் சுடாவிட்டால் பால் நாக்கைச் சுடாது. அந்தப் பக்கத்துப் பெண்கள் சூடு பார்ப்பது அப்படித்தான். பிளாஸ்டிக் புட்டியும் வெதுவெதுப்பாகவே இருந்தது. புட்டியை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் பாலை மட்டும் அந்தப் பெட்டி கொதிக்கவைக்கும் என்று பாவம் அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

பிள்ளை ஆவலாக ஒரே இழுப்பு இழுத்தது.

அந்த அலறல் மெஷின்களின் இரைச்சலைத் தாண்டி ஜெயமணியின் காதில் விழுந்தது.

வாயும் தொண்டையும் வெந்துபோயிருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கதிர்தான் காரணம் என்று பெண்கள் அடித்துச் சொன்னார்கள். பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார் இன்ஜினியர். தன் கைதான் கொடுத்தது என்பது மட்டுமே நாராயணம்மாவுக்குத் தெரிந்தது. சோறு இறங்காமல் வார்டிலேயே கிடந்தாள்.

பிள்ளை பிழைத்தது. புண் ஆறத் தொடங்கியதும், இனி தாய்ப்பால் கொடுக்கலாம் என்றார் டாக்டர். பால் கட்டி நெஞ்சு கனத்துக் கிடந்த ஜெயமணி, பிள்ளையை ஆசையாக மார்போடு சேர்த்தாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடி வைத்தாள். உதட்டை இறுக மூடிக்கொண்டு உடம்பெல்லாம் நடுங்கியது.

"எங்கிட்டயே வாய் தெறக்க மாட்டேங்குறானே அக்கா!"

பிள்ளையை வாங்கிக்கொள்ள நாராயணம்மா கையை நீட்டினாள். அந்தக் கையைக் கண்டதும் பிள்ளை வீல் என்று கத்தி, தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"நீங்க வெளிய போயிருங்க அக்கா" என்றாள் ஜெயமணி. அவள் குரலில் கோபம்கூட இல்லை.