இறால் ஓட்டில் மஞ்சள்

வியாசர்பாடி மதிக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. பின்னே, பாடுபட்டுச் செய்த ஆராய்ச்சி மண்ணைக் கவ்வினால் யாருக்குத்தான் இறங்கும்?

அவள் அம்மா சொக்கம்மாள் காசிமேட்டில் இறால் உரிப்பவள். குப்பைக்குப் போகிற ஓட்டைக் கழுவி மகளிடம் தருவாள். மதி அதைத் தண்ணீரோடு எஃகுக் குப்பியில் இறுக மூடி, கல்லூரி ஓவனில் வேகவைப்பாள். ஓடு சிதைந்து, தலைமுடியைப் பத்தாயிரமாகக் கிழித்தால் வரும் பருமனில் கார்பன் துகள்களாகிவிடும். பார்க்க வெறும் டீத்தண்ணிதான். புற ஊதா டார்ச்சை அடித்தால் தெரியும் அதன் பவிசு, பச்சையாக ஜொலிக்கும்! நீரில் இரும்பு கலந்திருந்தால் அந்த ஒளி மங்கிவிடும். சாத்தாங்காட்டுக் கிணற்று நீரை இப்படிச் சோதித்துத்தான் கட்டுரை எழுதியிருந்தாள்.

வந்தது வினை. முதல் தடவை ஜொலித்ததோடு சரி, அப்புறம் செய்தது ஒன்றும் ஜொலிக்கவில்லை.

"திங்கட்கிழமைக்குள்ள அந்த ஒளி திரும்ப வரலைன்னா கட்டுரையை வாபஸ் வாங்கிடணும் மதி," என்றார் வழிகாட்டி ஜானட் மேடம்.

அன்று சாயங்காலம் வீட்டில் எரிச்சலோடு கண்டதன்மேலெல்லாம் டார்ச்சை அடித்துக்கொண்டிருந்தாள். மீனுக்கு மஞ்சளும் மசாலாவும் தடவிக்கொண்டிருந்த அம்மாவின் விரல்கள் மஞ்சளும் பச்சையுமாக மின்னின. மதிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எம்மா, மொத தபா குடுத்த ஓட்டுல மஞ்சா போட்டியா?"

"நான் இன்னாத்துக்குடி போடப்போறேன்?" என்ற சொக்கம்மாளின் முகம் செத்துவிட்டது. மதி விடவில்லை.

"கெடுக்கணும்னு போடலடி. கவுச்சி அடிக்குதுன்னு என்னிய ஷேர் ஆட்டோல இருந்து எறக்கி வுட்டானுங்க. நீ காலேஜுக்கு எடுத்துகினு போற பையி நாறக்கூடாதேன்னு மஞ்சா போட்டுக் கழுவினேன். அப்பால நீ ஆராய்ச்சின்னு சொன்னியா, பயந்துகினு வெறும் தண்ணில அலசிக் குடுத்தேன்."

பாவி மனுஷி, இவ்வளவு நாள் வாயைத் திறந்தாளா! மதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மறுநாள் ஓடு தனியாக, மஞ்சள் தனியாக, இரண்டும் சேர்த்து என்று வெவ்வேறு குப்பிகளில் வேகவைத்தாள். சேர்ந்து வெந்தது மட்டும் பழையபடி ஜொலித்தது. இரும்பு கலந்த நீரை ஊற்றியதும் மங்கியது.

ஜானட் மேடத்துக்கு வாயெல்லாம் பல். உடனே கட்டுரையைத் திருத்த உட்கார்ந்தார். "மஞ்சள் சேர்த்ததுக்கு ஒரு காரணம் எழுதணுமே. என்னன்னு போடலாம்?"

"நான் நாறக்கூடாதுன்னு, மேடம்," என்றாள் மதி.