பன்னிரண்டு வாத்துகளும் ஏழு மணி பஸ்ஸும்

காயத்ரி வளர்த்த பன்னிரண்டு வாத்துகளும் அவள் குரலுக்கு மட்டும்தான் வரும். பொன்னேரியில் கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தபோது கும்மிடிப்பூண்டி சந்தையில் குஞ்சுகளாக வாங்கி வந்தவை. காலேஜ் விட்டு வந்ததும் தவிட்டைப் பிசைந்து வைத்து, "பா, பா" என்று கூப்பிட்டுப் பழக்கியது அவள்தான். அந்தப் பழக்கமே இப்போது அவளைக் கட்டிப்போட்டிருந்தது.

சிப்காட்டில் ஒரு பெயின்ட் கம்பெனி லேபில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். திங்கட்கிழமை சேர வேண்டும். கம்பெனி பஸ் காலை ஏழுக்கு. வாத்துகளோ ஒன்பது மணி வரை முட்டையிடும்; அதற்கு முன் கூண்டைத் திறந்தால் ஏரிக்கரையில் எங்கேயாவது போட்டுவிட்டு வந்து நிற்கும்.

"நீ பஸ் ஏறிட்டா வாத்த யாரு பாக்கறது? நான் கூப்ட்டா திரும்பிக்கூட பாக்காது," என்றாள் அம்மா கெங்கம்மாள். நான்கு நாளாக இதே பேச்சு. அப்பா துளசிராமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அம்மா சொல்றதும் கரெக்ட்டுதான," என்று எழுந்து போய்விடுவார்.

"வாத்து மேய்க்கவா பி.எஸ்சி. படிச்சேன்?"

"படிச்ச பொண்ணு வளக்கற வாத்துன்னுதாண்டி முட்டைக்கு ஊரே நம்ம ஊட்டாண்ட வருது."

சனிக்கிழமை ராஜமாணிக்கம் என்கிற வாத்துக்காரர் அறுநூறு வாத்துகளை ஓட்டி வந்து, வீட்டுக்குப் பின்னால் அறுப்பு முடிந்த வயலில் சிந்திய நெல்லை மேயவிட்டார். காயத்ரி கூண்டைத் திறந்து தன் பன்னிரண்டையும் அந்தக் கூட்டத்துக்குள் விரட்டிவிட்டாள். நாளைக்கு அவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். வாத்தும் இருக்காது, அம்மாவுக்குச் சாக்கும் இருக்காது.

சாயங்காலம் காலிக் கூண்டைப் பார்த்த கெங்கம்மாள், மகளையும் இழுத்துக்கொண்டு நேராக வயலுக்குப் போனாள்.

"என்னுதுக்கெல்லாம் றெக்கையில சேப்பு மை அடிச்சிருக்கேம்மா," என்றார் ராஜமாணிக்கம். "மை இல்லாததும் கொஞ்சம் பாத்தேன். இந்தக் கும்பல்ல கைய வுட்டுப் புடிக்க முடியாது. வளத்தவங்க ஒரு சத்தம் குடுங்க, தானா பிரிஞ்சி வந்துரும்."

காயத்ரி வாயைத் திறக்கவில்லை. கெங்கம்மாள் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒரு தலையும் நிமிரவில்லை.

"உன்ன ஆளாவே மதிக்கலியேம்மா," என்று சிரித்தார் ராஜமாணிக்கம்.

"கூப்புடுடி."

"ஒண்ணு கேக்கறேன். வாத்தே இல்லன்னா திங்கக்கிழம என்ன அனுப்புவியா?"

கெங்கம்மாள் வாத்துக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். குரலில் கோபம் இல்லை.

"உங்கப்பா எருமை ஒண்ணு புடிச்சாரலாம்னு சொல்லிக்கினு இருக்காரு."

கன்று ஈன்ற எருமையா, சினை எருமையா என்று கேட்கலாம் போல இருந்தது காயத்ரிக்கு. அதையும் ஏற்கெனவே பேசி முடித்திருப்பார்கள். இனி வாயை மூடிக்கொண்டு நிற்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"பா," என்றாள்.

இரண்டாம் தரம் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சேற்றுக் காலோடு, மற்ற வாத்துகளை இடித்துத் தள்ளிக்கொண்டு, கத்திக்கொண்டே ஓடி வந்தன. முதலில் வந்தது அவள் பாதத்தை அலகால் கொத்தியது. எட்டி உதைக்கலாம் என்று காலைத் தூக்கினாள். அதற்குள் மீதியும் வந்து நெருக்கிக்கொண்டு நின்றதில், தூக்கிய காலைக் கீழே வைக்க இடமில்லை.