எமில்டா போட்ட கையெழுத்து

உட்துறைமுக வீதியில் இருந்த மீன் பதனிடும் கம்பனியில் பதிவேடு எழுதுவது எமில்டாவின் வேலை. ஐஸ் அரைக்கும் மெஷினின் மூடி உடைந்துவிட்டது என்று ஒரே மாதத்தில் மூன்று தடவை எழுதியிருந்தாள். யாரும் திருத்தவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வரும் ஷிஃபானாவின் வலது கை அதற்குள் அகப்பட்டது. இரண்டு விரல்கள் போய்விட்டன.

அன்று பின்னேரம் மேற்பார்வையாளர் சோமசேகரம் எமில்டாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள் இருந்தது. மூடி நல்ல நிலையில் இருந்ததாகவும், அவசரத்தில் ஷிஃபானாவே அதைக் கழற்றியதாகவும் அதில் ரைப் அடித்திருந்தார்கள்.

"இதில ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், பிள்ளை."

"சேர், நான் மூடியைப் பற்றி எழுதினனான்."

"எழுதினீங்கள்தான். ஆர் இல்லையெண்டது? கம்பனியைப் பூட்டினால் நாங்கள் எல்லாரும் எங்க போறது?"

அவர் மிரட்டவில்லை. பேனையைத் திறந்து தாளின் மேல் வைத்துவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவன் இறந்த வருடம் அவளுக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவர் அவர்தான். எமில்டா கையெழுத்திட்டாள். பதிவேட்டில் போடும் அதே வடிவான கையெழுத்து. பிறகு நினைத்தபோது அதுதான் அதிகம் கூசியது.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஷிஃபானா கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்தபடி சாய்ந்திருந்தாள்.

"விசாரணை வருதாம் அக்கா. நானே கழற்றின எண்டு சொல்லப்போறாங்களாம். எனக்குப் பயமில்ல. நீங்கதானே எழுதி வச்சீங்க. நீங்க சொல்லுவீங்க."

"ஓம்" என்றாள் எமில்டா. கொண்டுபோன தோடம்பழத்தை உரிப்பதற்குக் குனிந்தவள், புறப்பட எழும்பும்வரை நிமிரவில்லை.

சனிக்கிழமை கோயிலில், செய்த பாவங்களைப் பாதரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனம். கோபப்பட்டதைச் சொன்னாள், செபமாலை தவறியதைச் சொன்னாள்.

"வேற ஏதும் இருக்கா மகள்?" என்று பாதர் கேட்டார்.

"இல்லை, பாதர்."

அதே பின்னேரம் அவள் படிப்பிக்கும் மறைக்கல்வி வகுப்பில் ஒரு பிள்ளை, "றீச்சர், ஆயர் நெற்றியில எண்ணெய் பூசுறதுக்கு ஏன் உறுதிப்பூசுதல் எண்டு பேர்?" என்று கேட்டது. பதினொரு வருடமாகச் சொல்லிவந்த பதில் தடங்கலில்லாமல் வந்தது: விசுவாசத்துக்காக எந்த இடத்திலும் பயப்படாமல் நிற்கும் உறுதி. பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். அதை வெட்டிவிடுங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. மறுநாள் பூசையில், சொல்லாத பாவத்தோடு நற்கருணை வாங்க அவள் எழும்பவில்லை. அதே வாங்கில் இருந்தவர்கள் அவளின் முழங்காலைத் தாண்டிப் போனார்கள். தாளில் உள்ளது பொய் என்று விசாரணையில் சொல்வதென அங்கே இருந்தபடியே முடிவெடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை கம்பனியில் விசாரணை. ஷிஃபானா தன் கணவன் ஸஜ்ஜாத்துடன் வந்திருந்தாள். தொழில் அதிகாரி தாளை வாசித்துவிட்டு எமில்டாவைப் பார்த்தார்.

"இது உங்கட கையெழுத்தா?"

ஷிஃபானாவின் தலை சட்டென்று திரும்பியது. எமில்டா எழும்பி நின்றாள்.

"கையெழுத்து என்ர. எழுதியிருக்கிறது பொய். மூடி உடைஞ்சு கிடந்தது. பதிவேடு சேரின்ர அலுமாரியில இருக்கு."

"ஆரும் வெருட்டினவையா?"

ஓம் என்றால் தப்பிக்கலாம். சோமசேகரம் குனிந்திருந்தார்.

"இல்லை. தெரிஞ்சுகொண்டுதான் போட்டனான்."

வெளியே கேற்றடியில் ஷிஃபானா நின்றாள்.

"அண்டைக்கு என்னைப் பார்க்க வரக்குள்ளயே போட்டிருந்தீங்களா?"

"ஓம்."

"இண்டைக்குச் சொன்னது நல்லம். ஆனா இப்ப என்னோட கதைக்காதீங்க அக்கா."

அவர்கள் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார்கள். எமில்டாவுக்கும் அதே தரிப்பிடம்தான். கிண்ணியா பஸ் போகும்வரை அவள் கேற்றுக்கு உள்ளேயே நின்றாள்.

பதிவேடு அன்றே எடுக்கப்பட்டது. கம்பனி பிழையை ஒப்புக்கொண்டது. பொய்யான வாக்குமூலம் கொடுத்ததற்காக எமில்டாவைக் கடிதம் கொடுத்து வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்தக் கடிதத்தில் மறுக்க ஒன்றுமில்லை.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் சிலர் அவளின் கையைப் பிடித்து, "நல்ல துணிவு உங்களுக்கு" என்றார்கள். எமில்டாவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் நின்று சொன்னாள்: "முதல்ல அந்தப் பொய்க்குக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்."