கலாங்கின் மேல்பல்

கலாங்குக்கு மேலே ஒரு பல், கீழே ஒரு பல். கடவுள் புண்ணியத்தில் இரண்டும் எதிரெதிரே நின்றன. க்னி என்ற தந்தி வாத்தியத்தை வாசிக்க அது போதும். மூங்கில் தண்டில் இழுத்துக் கட்டிய ஒற்றைத் தந்தியிலிருந்து ஒரு நூல் வரும். அதன் முனையிலிருக்கும் சின்ன மூங்கில் சில்லைப் பல்லில் கடித்துக்கொண்டு வில்லை இழுத்தால், நாதம் வாசிப்பவன் வாய்க்குள்தான் பிறக்கும். வாயை அசைத்தால் தந்தியே பேசும். யாருக்காக வாசிக்கிறோமோ அவளுக்கு முழுசாகப் புரியும், மற்றவர்களுக்கு வெறும் முனகல்.

நெல் அறுவடை விருந்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அந்த மேல்பல் ஆட ஆரம்பித்தது. ஆடிவிட்டுப் போகட்டும், வலி வேறு உயிரை எடுத்தது. கன்னம் பூசணிக்காயாக வீங்கிவிட்டது.

"குறடு இருக்குடா. வாயைத் திற, நானே பிடுங்கிடறேன்" என்றாள் அக்கா ம்லின்.

"கிட்ட வந்தே, நடக்கறதே வேற!"

"ஒத்தப் பல்லுக்கு இந்த ஆட்டமா?"

"இந்தப் பல்லு போனா பியூவும் போயிடுவாக்கா."

அவன் சொன்னது நிஜம்தான். அவர்களுடைய ஜராய் மலைக்குடியில் ஆண்பிள்ளை போய்ப் பெண் கேட்க முடியாது. பெண் வீட்டிலிருந்துதான் பித்தளை வளையல் வர வேண்டும். பியூ புருஷனை இழந்து நாலு வருஷம், கலாங் பெண்டாட்டியை இழந்து ஆறு. அவளுடைய முந்திரித் தோட்டத்து வேலியை அவள் கேட்காமலே மூன்று தடவை கட்டிக் கொடுத்துவிட்டான், மடையன். அவளோ வேலியைப் பற்றி வாயே திறக்கவில்லை. "உன் தம்பி விருந்துல க்னி வாசிக்கட்டும். கேட்டுட்டு வளையல் அனுப்பறதா வேண்டாமான்னு சொல்றேன்" என்று ம்லினிடம் சொல்லிவிட்டாள்.

"அப்போ டவுனுக்குப் போய்ப் பல்லு கட்டிக்கிட்டு வாயேன்."

"அதுக்கு ரெண்டு வாரம் ஆகுமாம். அதுக்குள்ள விருந்து முடிஞ்சு கள்ளுச் சாடியெல்லாம் காஞ்சுடும்."

விருந்தன்று நடுப்பகலில் வெண்கலச் சேகண்டிகளின் தாளம் ஓய்ந்தது. சாடிகளைச் சுற்றி ஊரே குழலில் கள் உறிஞ்சிக்கொண்டிருந்தது. கலாங் நடுவில் உட்கார்ந்து சில்லைக் கடித்தான். அம்மாடி! வலி உச்சந்தலை வரை ஏறியது. வாயைத் திறந்து அலறினால் சில்லு விழுந்துவிடும். அதனால் அலறலை உள்ளேயே அடக்கினான். அது தந்தி வழியாக வெளியே வந்தது.

பியூவிடம் சொல்வதற்காக மூன்று நாளாகக் கோத்து வைத்திருந்த இனிமையான வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. வந்ததெல்லாம் வேதனை.

"ஐயோ, எவ்வளவு ஏக்கம் பாரேன் மனுஷனுக்கு!" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். பக்கத்திலிருந்தவள் மூக்கைச் சிந்தினாள். விஷயம் தெரிந்த ம்லின் மட்டும் சிரிப்பை அடக்கமுடியாமல் சாடிக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள்.

கலாங் ஓரக்கண்ணால் பார்த்தான். பியூ குழலைக் கீழே வைத்துவிட்டு அவனையே கவனித்துக்கொண்டிருந்தாள். போதாதா? ஐம்பத்தெட்டு வயதுக்காரனுக்கு வீறாப்பு வந்துவிட்டது. இன்னும் அழுத்திக் கடித்தான்.

பல் கழன்றது. சில்லோடு ஒட்டிக்கொண்டு, நூலின் முனையில், ஊர் பார்க்கத் தொங்கியது.

"பல்லையே கழட்டிக் குடுத்துட்டாருய்யா மாமா! இதுக்கு மேல ஒரு பொம்பளைக்கு என்ன வேணும்?" என்று எவனோ கத்த, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

கலாங்குக்கு அழுகை வந்தது. வலி நின்றுபோனதைக்கூட அவன் கவனிக்கவில்லை. இனி எந்த வாயால் அவளிடம் பேசுவான்? க்னியைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

"எங்கய்யா ஓடறே? உட்காரு!"

பியூதான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவனை உட்காரவைத்து எதிரே மண்டியிட்டாள். பல்லை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். சில்லைப் பாவாடையில் துடைத்துத் தன் பற்களுக்கு நடுவே கடித்துக்கொண்டாள். வில்லை இழு என்று கையால் ஜாடை காட்டினாள்.

நூல் ஒரு முழம்கூட இல்லை. அவள் மூச்சு அவன் முகத்தில் பட்டது. அவன் இழுத்தான். அவள் வாயை அசைத்தாள், தந்தி பேசியது: 'நாளைக்கு வளையல் வரும். கஞ்சி காய்ச்சித் தரேன். கடிக்கற வேலையை இனிமே நான் பாத்துக்கறேன்.'

கூட்டத்துக்கு அது முனகலாகத்தான் கேட்டது. ம்லின் பொறுக்கமாட்டாமல் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "டேய், என்னடா சொல்றா?"

கண்ணீர் வழிய வழிய, வில்லை நிறுத்தாமல், பொக்கை வாயால் அவன் சொன்னான்: "கொஞ்சம் சும்மா இரேன் அக்கா. அவ இன்னும் சொல்லி முடிக்கல."