சிவப்பாக இருக்க வேண்டிய மருந்து

எலிகளுக்கு வரும் புற்றுநோயைக் குணப்படுத்துவதில் நான் கெட்டிக்காரி. பெரிய மருத்துவ இதழிலேயே அச்சாகியிருக்கிறது: கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களின் மேல் மருந்தை ஏற்றி ஊசி போட்டால், எலியின் ஈரலில் இருக்கும் கட்டி சுருங்குகிறது. மனிதர்களுக்கு இன்னும் யாரும் போட்டுப் பார்த்ததில்லை. இந்த லட்சணத்தில்தான் என் ஒரே தம்பிக்கு ஈரலில் கட்டி வந்தது.

மற்ற மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு, தம்பியின் மனைவி என் கட்டுரையைக் கையில் எடுத்தாள். வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். எதையும் பிடித்தால் விடமாட்டாள். அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். எலி வேறு, மனுஷன் வேறு என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மருத்துவமனையின் அனுமதிக் குழு முன்னால் நின்று, என் ஆராய்ச்சியை என்னைவிட நன்றாக விளக்கி, இவர் ஒருவருக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்று கையெழுத்து வாங்கிவிட்டாள். அதற்குள் எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. தம்பி விஷயத்தில் விஞ்ஞானமாவது மண்ணாங்கட்டியாவது.

ஒரே ஒரு குப்பிதான் தயாராக இருந்தது. அடுத்ததைச் செய்ய மூன்று வாரம் ஆகும். தம்பி அந்த வாரத்தைத் தாண்டுவதே சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் டாக்டரோடு ஊசிக்கான ஏற்பாட்டில் இருந்ததால், ஆய்வகத்திலிருந்து குப்பியைக் கொண்டுவர வக்கீலே கிளம்பினாள்.

குளிர்பெட்டியில் வைத்துத்தான் கொடுத்தனுப்பினார்கள். வழியில் வண்டிகள் நகரவில்லை, நல்ல வெயில். மருந்து சூடாகிவிடும் என்று பயந்து, ஒரு ஐஸ்கிரீம் கடையில் கெஞ்சி, புகை விடும் உலர்பனியை வாங்கிப் பெட்டி நிறையப் போட்டிருக்கிறாள். வந்ததும் மூச்சிரைக்க அதைப் பெருமையாகச் சொன்னாள்.

பெட்டியை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். அந்த மருந்து குளிரலாம், உறையக் கூடாது. உறைந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சிவப்பு நீலமாகிவிடும். உடம்புக்குள் போனால் ரத்தக் குழாயை அடைக்கும். பெட்டியைத் திறந்தேன். மாதுளைச் சாறு போலச் சிவந்திருக்க வேண்டியது கல்லாக உறைந்து கிடந்தது. உள்ளங்கையில் வைத்து உருக்கினேன். நீலமாக இருந்தது. குலுக்கினேன், பைத்தியக்காரி மாதிரி குலுக்கினேன். நிறம் மாறவே இல்லை.

"ஏன் கலர் மாறியிருக்கு?" என்றாள். "ஐஸ் ஜாஸ்தியாயிடுச்சா? என்னாலயா அக்கா?"

டாக்டர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"உன்னால இல்லம்மா. நாங்க செஞ்சதே சரியில்ல."

"அப்ப அந்தப் பேப்பர்ல எழுதினது?"

இருபது வருட உழைப்பு அது. ஒரு புள்ளிகூடப் பொய்யில்லை. ஆனால் தம்பி போய்விடுவான். இவள் இருக்கப் போகிறவள். தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்று தெரிந்தால் இவள் இனி எப்படித் தூங்குவாள்?

"அதுவும் சரியில்லதான்" என்றேன்.

அவள் அழவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யார் கைவிட்டாலும் எங்க அக்கா இருக்காங்கன்னு தினம் சொல்லிட்டிருக்காரு" என்றாள். "இனிமே உங்க கையால அவருக்குத் தண்ணிகூட வேணாம். உள்ள வராதீங்க."

தம்பியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "அக்கா எங்க? ஊசி போட வரலையா?" என்று உள்ளே அவன் கேட்பது எனக்குக் கேட்டது.