தூணின் சுருதி

இரண்டு பேரும் சகலைகள். அக்காவைக் கட்டியவருக்குக் காது என்று பெயர். தங்கையைக் கட்டியவனுக்குக் கத்தரி. பெற்றவர்கள் வைத்த பெயர்கள் அடையாள அட்டையோடு சரி. காது ஊரெல்லாம் அலைந்து ஒலிகளைப் பிடித்துக்கொண்டு வருவார். கத்தரி அவற்றைக் கம்ப்யூட்டரில் வெட்டி, ஒட்டி, அடுக்கி இசையாக்குவான். குழுவுக்குப் பெயர் வைக்க ஒரு வாரம் மூளையைக் கசக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் 'சகலைகள்' என்றே வைத்துவிட்டார்கள்.

முதல் ஆல்பத்தை உறவுக்காரர்கள் மட்டும் வாங்கினார்கள். அவர்களாவது கேட்டார்களா என்பது சந்தேகம். ஒரே ஒரு பத்திரிகை மதித்து விமர்சனம் எழுதியது. தகர டப்பாவுக்குள் இரண்டு கொசுக்கள் சொத்துத் தகராறு செய்வதுபோல இருக்கிறது என்று. கத்தரி அந்தப் பக்கத்தை வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டான். இரண்டாவது ஆல்பத்துக்காக உழைத்த எட்டு மாதமும் அது அவன் கண்ணில் குத்திக்கொண்டே இருந்தது. வீம்புக்காரன் அவன். அடுத்தது யாரும் வாய் திறக்க முடியாத மாதிரி இருக்க வேண்டும், துளிப் பிசிறு இருக்கக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டான். பிசிறு இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அந்த இரண்டாவது ஆல்பத்தின் பெயர் 'தூண்'. அவர்கள் வேலை செய்த அறை ஒரு பழைய கட்டிடத்தின் தரைத்தளம். முதல் மாடியில் காதின் மனைவி, எல்லோருக்கும் அக்கா, முப்பத்தெட்டு மெஷின்களோடு தையல்கூடம் நடத்தினாள். பள்ளிச் சீருடை, ஆஸ்பத்திரி அங்கி என்று வருஷம் முழுக்க வேலை. கத்தரியின் மனைவி அங்கே காஜா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேலே இரண்டு மாடியும் கட்டிடக்காரரின் துணிக் கிடங்கு. அதன் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு காற்றாடி, புழுக்கம் போக எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும். தரைத்தளத்தின் நடுவில், சகலைகளின் மேசைக்குப் பக்கத்தில், ஓர் இரும்புத் தூண். மேலே இருந்த அத்தனை பாரமும் கடைசியில் அதன் தலையில்தான் வந்து இறங்கியது.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு, காது ஒரு காசு அளவுள்ள மைக்கை மெழுகு வைத்துத் தூணில் ஒட்டுவார். மேலே மெஷின்கள் ஓடும், அதற்கும் மேலே காற்றாடி ஓடும். வெறும் காதுக்கு எதுவும் தெரியாது. ஆனால் மைக் வழியாகக் கேட்டால் தூண் நீளமாக, அடித்தொண்டையில் ஒரே சுருதியில் முனகும். அந்த முனகலைப் பத்து நிமிடம் பதிவு செய்வார். எட்டு மாதம், எட்டுப் பதிவு. அவ்வளவுதான் ஆல்பம். அட்டையின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி: 'இதில் எந்த ஒலியும் மாற்றப்படவில்லை.' அந்த வரியைப் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் கத்தரி.

அந்த வரி பொய். இரண்டாவது மாதப் பதிவைக் கொண்டுவந்து முதலாவதோடு சேர்த்தபோது அது ஒரு மயிரிழை இறங்கியிருந்தது. கத்தரி அதைக் கம்ப்யூட்டரில் சற்றே மேலே ஏற்றிச் சமன் செய்தான். மூன்றாவது மாதம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. இன்னும் கொஞ்சம் ஏற்றினான். மைக்கை இடம் மாற்றி ஒட்டுகிறார், கிழவர் ஆகிக்கொண்டு வருகிறார் என்று நினைத்தான். நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். நான்காவது மாதம் காதே அவனிடம் வந்து, சுருதி இறங்குகிறதோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சுருதி எல்லாம் அப்படியேதான் இருக்கு, அண்ணே" என்றான் கத்தரி. "உங்க காதைத்தான் போய்க் காட்டணும்."

தான் பூசி மெழுகிய பதிவையே போட்டும் காட்டினான். ஒரே சுருதி. காதின் முகம் சுண்டிப்போயிற்று. மறுவாரமே காது டாக்டரிடம் போனார். வயசுக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியும் அவர் நம்பவில்லை. அதன் பிறகு அவர் எதைப் பதிவு செய்தாலும், "நீ ஒரு தடவை கேட்டுச் சொல்லிடு, தம்பி" என்று ஹெட்போனை அவனிடம் நீட்ட ஆரம்பித்தார். கத்தரிக்கு உறுத்தியது. ஆனாலும் வேலை முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

ஆல்பம் வெளிவந்தது; எங்கு பார்த்தாலும் அதே பேச்சு. கொசு என்று எழுதிய அதே பத்திரிகை இரண்டு பக்கம் ஒதுக்கியது. கேட்டால் முதுகுத்தண்டு சில்லிடுகிறது என்றார்கள். ஏதோ வரப்போகிறது, வரப்போகிறது என்று எட்டுப் பாட்டும் சொல்கின்றன, ஆனால் அந்த ஒற்றைச் சுருதி அசையவே மாட்டேன் என்கிறது, அந்த உறுதிதான் பயமுறுத்துகிறது என்று ஒருவர் எழுதினார். கத்தரிக்குத் தலைகால் புரியவில்லை. கட்டிடக்காரருக்கு அதைவிட. வருகிறவர்களிடமெல்லாம் அட்டையைக் காட்டி, என் தூணைப் பற்றிப் பேப்பரிலேயே எழுதுகிறான் என்று பீற்றிக்கொண்டார். அந்தச் சூட்டோடு மேல் மாடிகளில் இன்னும் இரண்டு லாரி துணிக்கட்டு ஏற்றினார்.

தையல்கூடத்திலேயே ஒரு கச்சேரி வைப்பதென்று முடிவாயிற்று. முப்பத்தெட்டுப் பேரும் மெஷின் ஓட்டுவார்கள், கீழே தூண் பாடும், அது ஸ்பீக்கரில் வரும். ஜனங்கள் மெஷின்களுக்கு நடுவே நின்று கேட்பார்கள். இருநூறு சீட்டும் ஒரே நாளில் விற்றுப்போயின. சனிக்கிழமை நான்கு மணிக்குக் கச்சேரி. வானொலிக்காரர்களின் வண்டி தெருவில் வந்து நின்றது. தூணிலிருந்து ஒரு நீண்ட ஒயரை ஜன்னல் வழியாக அந்த வண்டிவரை இழுத்திருந்தார்கள்.

மூன்று மணிக்குக் கத்தரி கீழே தனியாக உட்கார்ந்து, வந்திருந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தான். பாராட்டைப் படித்துவிட்டு மேலே போனால் தைரியமாக இருக்கும் என்று ஒரு நினைப்பு. ஒன்று, ஓய்வு பெற்ற பாலப் பரிசோதகர் எழுதியது. நுணுக்கி நுணுக்கி எழுதிய பழைய கையெழுத்து.

'முப்பது வருடம் பாலங்களைச் சுத்தியலால் தட்டிக் காதால் கேட்டுப் பிழைத்தவன் நான்' என்று ஆரம்பித்திருந்தார். 'தூணுக்குப் பாரம் கூடக்கூடச் சுருதி இறங்கும். தாங்க முடியாத நிலை நெருங்க நெருங்க வேகமாக இறங்கும்; மடிகிற தருணத்தில் சுருதியே அடங்கிவிடும். உங்கள் ஆல்பத்தை அந்தப் பயத்தோடுதான் கேட்டேன். எட்டு மாதமும் இம்மி நகரவில்லை. இறங்கியிருந்தால், உங்களை அங்கிருந்து ஓடச் சொல்லித்தான் எழுதியிருப்பேன். நல்ல தூண். நிம்மதியாக இருங்கள்.'

கத்தரி பழைய கோப்பைத் திறந்தான். ஒவ்வொரு மாதமும் எவ்வளவு ஏற்றினான் என்பதைக் கம்ப்யூட்டர் மறக்காமல் வைத்திருந்தது. கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம் நூறு. அவன் ஏற்றியது எட்டு, பத்தொன்பது, நாற்பது, எழுபத்தைந்து, நூற்று முப்பது, இருநூற்றுப் பத்து, முந்நூற்று நாற்பது. கடைசிப் பதிவு முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. தூணில் ஒட்டியிருந்த மைக்கை இப்போது கேட்டான். இறக்கம் எழுநூற்றைத் தாண்டியிருந்தது.

மாடிப்படியில் ஜனங்கள் ஏறும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினான். முப்பத்தெட்டுப் பேரும் மெஷினில் உட்கார்ந்தாகிவிட்டது. ஐம்பது அறுபது பேர் உள்ளே வந்து நின்றிருந்தார்கள். அவன் மனைவி காஜா மெஷினுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் ஒரு நூல்கண்டு விழுந்தது. அது மெதுவாக உருண்டு, அறையின் நடுப்பக்கம் போய் நின்றது. கொஞ்ச நாளாகவே இப்படித்தான், எது விழுந்தாலும் நடுக்கூடத்துக்கு ஓடுகிறது என்று அவள் வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவனும் சேர்ந்து சிரித்திருக்கிறான்.

அக்காவை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், எல்லோரையும் வெளியே அனுப்பச் சொன்னான். பக்கத்தில் நின்ற கட்டிடக்காரர் காதில் அது விழுந்துவிட்டது. கச்சேரி நேரத்தில் பையனுக்குப் பயம் வந்துவிட்டது என்று அவர் நாலு பேர் கேட்கச் சிரித்தார். பிறகு அட்டையைத் திருப்பிக் காட்டினார்.

"எந்த ஒலியும் மாற்றப்படலைன்னு நீங்கதானே அச்சடிச்சீங்க? எட்டு மாசமும் என் தூண் ஒரே சுருதியில நிக்குதுன்னு உலகமே சொல்லுது. இப்ப யாருக்குக் காது குத்துறீங்க?"

அக்கா கத்தரியையே பார்த்தாள். வாசலில் காதும் வந்து நின்றிருந்தார். அவர் முன்னால் அதைச் சொல்வதற்குப் பதில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. நேராக மேடைக் கம்ப்யூட்டருக்குப் போனான். எட்டுப் பதிவுகளையும், தான் தொடாத பழைய பதிவுகளை, ஒவ்வொன்றிலும் ஐந்து விநாடி, வரிசையாகப் போட்டான்.

ஸ்பீக்கரில் தூண் முனகியது. அடுத்தது. அடுத்தது. இசை தெரியாதவர்களுக்கும் அது தெரிந்தது. ஒவ்வொரு படியாக, பின்பு இரண்டிரண்டு படியாக, அது கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எட்டாவதை அடுத்து, இந்த நிமிடம் தூணிலிருந்து வந்துகொண்டிருந்ததைத் திறந்துவிட்டான். அது காதுக்குக் கேட்பதைவிட உள்ளங்காலுக்குத்தான் அதிகம் தெரிந்தது.

"ஆல்பத்துல இருக்கிறது பொய்" என்றான். "இறங்கினதை எல்லாம் நான்தான் ஏத்தி வெச்சேன். தூண் தாங்கலை. எல்லாரும் கீழ போயிடுங்க."

யாரும் அசையவில்லை. இதுவும் கச்சேரியில் ஒரு பகுதி என்று நினைத்து, பின்வரிசையில் ஒருவர் கைதட்டக்கூடச் செய்தார். அப்போது நடுவரிசையில் இருந்த வயதான தையல்காரம்மா, மெஷினின் காலுக்கடியில் இருந்து ஒரு மடித்த அட்டைத்துண்டை உருவி எடுத்தாள்.

"மூணு மாசத்துக்கு முன்னால ஒரு மடிப்பு வெச்சேன், மெஷின் ஆடுதேன்னு" என்றாள். "இப்ப அஞ்சு மடிப்பு."

அவள் எழுந்தாள். அவள் எழுந்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள். அக்கா படிவாசலில் நின்றுகொண்டு, ஓடாதீங்க, குதிக்காதீங்க, பாத்துப் பாத்து இறங்குங்க என்று ஒவ்வொருவராக அனுப்பினாள். முப்பத்தெட்டையும் வாய்விட்டு எண்ணினாள். கத்தரி மனைவியின் கையைப் பிடித்து இறங்கினான். வழியில் அவள் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள், காது மாமாவிடம்கூடச் சொல்லவில்லையா என்று.

கட்டிடக்காரர் மட்டும் இறங்கவில்லை. பைத்தியக்காரர்கள் என்று திட்டிக்கொண்டே, சரக்கைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மேலே ஏறிப் போனார். அக்கா இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள்.

தெருவில் எதிர்ப்பக்கம் எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். கட்டிடம் எப்போதும்போல நின்றது. சீட்டு வாங்கியவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கொசு விமர்சனம் எழுதியவரும் அங்கே இருந்தார். நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். சகலைகளின் பெயர் நாளைக்கு நாறப்போகிறது என்று கத்தரிக்குத் தெரிந்தது. அது ஒன்றுமே இல்லை என்றும் தெரிந்தது. காது வானொலி வண்டிப் படியில் உட்கார்ந்து, தூணின் ஒயரை ஹெட்போனில் செருகிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கத்தரி அவர் பக்கத்தில் போய் நின்றான். மூன்றாவது மாடி ஜன்னலில் கட்டிடக்காரர் தலையை நீட்டி, ஒரு துணிக்கட்டின் மேல் ஓங்கித் தட்டி, பாருங்கள் என்பதுபோலச் சிரித்தார். அவருக்குப் பக்கத்தில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

காது நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. ஹெட்போனைக் கழற்றி, இத்தனை மாதமாக நீட்டியது போலவே அவனிடம் நீட்டினார்.

"நீ ஒரு தடவை கேட்டுச் சொல்லிடு, தம்பி. இவ்வளவு நேரமா இறங்கி இறங்கி வந்துச்சு. இப்ப எனக்கு ஒண்ணுமே கேக்கலை. என் காதா, தூணா?"

கத்தரி வாங்கி மாட்டிக்கொண்டான். ஒயர் சரியாக இருந்தது, வண்டியிலிருந்த கருவியின் விளக்கு எரிந்தது, காற்றாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே எந்தச் சுருதியும் இல்லை. அவன் ஹெட்போனைக் கழற்றினான்.

"உங்க காதுக்கு ஒண்ணுமில்லை, அண்ணே. எப்பவுமே ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு மேலே ஜன்னலைப் பார்த்தான்.